இதயத்தின் மின்கணக்கு – 9: முந்தும் சுவர், பிந்தும் சுவர்

லண்டன் பல்கலைக்கழகத்தின் ‘ஃபெர்ராண்டி மெர்குரி’ கம்ப்யூட்டரில் டெனிஸ் நோபிள் என்ற ஆராய்ச்சி மாணவருக்குக் கிடைத்த நேரம், அதிகாலை 2 முதல் 4 மணி வரை. அந்த நேரத்தில்தான், இதயத்தின் கீழறைகளுக்கு மின்சாரத்தைப் பரப்பும் பர்கின்ஜி இழையில் மின்துடிப்பு எழுந்து அடங்குவதைச் சமன்பாடுகளாகப் போட்டுப் பார்த்தார். 1960-ல் ‘நேச்சர்’ இதழில் அது வெளியானது. இதயத்தைக் கம்ப்யூட்டரில் துடிக்க வைக்கும் துறைக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

அந்த இழைகளுக்கு மின்சாரம் கொண்டுவரும் இடது கிளை அடைபட்டால் என்ன ஆகும்? ஈசிஜி அறிக்கையில் ‘எல்பிபிபி’ என்று போடுவார்கள்.

பர்கின்ஜி இழையில் மின்துடிப்பு நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் ஓடும். சாதாரணத் தசையில் ஒரு மீட்டர்கூடத் தேறாது. இடது பாதை அடைபட்டால், வலப்பக்கமாக வந்து நடுச்சுவரின் தசை வழியே ஊர்ந்துதான் இடது கீழறையை எட்ட வேண்டும். 100 மில்லிசெகண்டு வாக்கில் முடியவேண்டிய வேலை 120-ஐத் தாண்டிவிடுகிறது, சிலருக்கு 150-ஐயும்.

கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை. ஆனால் விளைவு பெரிது. நடுச்சுவர் முந்திச் சுருங்கும்போது வெளிச்சுவர் தளர்ந்தே கிடக்கிறது. அதனால் இழுபட்டு நீள்கிறது. பிறகு வெளிச்சுவர் முழு வலுவோடு சுருங்கும்போது, ஓய்ந்துவிட்ட நடுச்சுவர் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. வடம் பிடித்தவர்களில் பாதிப் பேர் இழுத்து ஓய்ந்தபின் மீதிப் பேர் இழுத்தால் தேர் எப்படி நகரும்? ஒரு சுவரின் உழைப்பை இன்னொரு சுவர் விழுங்கிவிடுகிறது. காலப்போக்கில் அதிகம் உழைக்கும் வெளிச்சுவர் தடிக்கிறது, அறை விரிகிறது.

இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் தூண்டும் சிஆர்டி பேஸ்மேக்கர் இதற்கென்றே வந்தது. ஆனால் பொருத்திக்கொண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு எதிர்பார்த்த பலன் இல்லை. ஏன்?

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ‘சர்க்அடாப்ட்’ மாதிரி இங்கேதான் கைகொடுக்கிறது. இரண்டு வெளிச்சுவர், ஒரு நடுச்சுவர், உடலைச் சுற்றும் ரத்தம் என்று இதயத்தை எளிமையாக்கிய மாதிரி அது. தசை வலுவை அப்படியே வைத்துக்கொண்டு மின்துடிப்பை மட்டும் தாமதப்படுத்தலாம். அல்லது மின்துடிப்பைச் சரியாக விட்டுவிட்டு ஒரு சுவரை மட்டும் பலவீனமாக்கலாம். உயிருள்ள மனிதரிடம் இந்தச் சோதனையைச் செய்யவே முடியாது. இரண்டிலுமே சுவர்கள் ஒத்திசையாமல் அசைகின்றன. ஆனால் அசையும் விதம் வேறு வேறு. பேஸ்மேக்கர் திருத்துவது நேரத்தை மட்டுமே. செத்த தசையை அல்ல. அந்த வித்தியாசத்தை முன்கூட்டியே பிரித்துக் காட்டுவதுதான், என் பார்வையில், இந்த மாதிரிகளின் மிகப் பெரிய பயன். ஒருவருக்குக் கருவி வேண்டுமா வேண்டாமா என்று மாதிரி மட்டுமே தீர்மானிக்கும் நிலை இன்னும் வரவில்லை.

உங்கள் ஈசிஜியில் ‘எல்பிபிபி’ என்று இருந்தால் இதய மருத்துவரைப் பார்த்து எக்கோ தேவையா என்று கேளுங்கள். பழைய ஈசிஜி தாள்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்; அடைப்பு புதிதா பழையதா என்று மருத்துவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

(தொடரும்)