கைடு ‘திரும்பலாம்’னு சொன்னா திரும்பத் தயாரா? வனத்துறை மலையேற்றத்துக்கு முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஜேடர்பாளையம் தடுப்பணையில் ஆசைதீரக் குளிச்சாச்சு, சூடா மீன் வறுவலும் சாப்பிட்டாச்சு. அப்போதுதான் நண்பர்களில் ஒருத்தர் ஆரம்பிப்பார்: “அடுத்த மாசம் எல்லாரும் ட்ரெக்கிங் போலாமாடா?” வாட்ஸ்அப்பில் உடனே ஒரு குரூப் உருவாகும். எந்த ஷூ, எந்த பேக், யார் கேமரா என்று பேச்சு ஓடும். எத்தனை லிட்டர் தண்ணீர் என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

அதில் ஆச்சரியமும் இல்லை. ராஜவாய்க்கால் தொடங்கும் ஊர் இது. தண்ணீர் என்றால் கை நீட்டினால் கிடைக்கும் என்றே வளர்ந்திருப்போம். ஆனால், இரண்டு இரண்டரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் சேர்வராயன் மலைச் சரிவுகளின் கதை வேறு. கோடையில் இலையுதிர் காடுகள் மொட்டையாக நிற்கும், ஓடைகள் வறண்டுவிடும், பாறை கொதிக்கும். அங்கே பாலைவனத்துக்குப் போவது போலத்தான் தயாராகணும்.

எங்கே போகலாம், எப்படி பதிவு செய்வது?

தமிழ்நாடு அரசின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் 2024 அக்டோபர் 24 அன்று தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகளுடன் இது அறிமுகமானது. சேலம் மாவட்டத்தில் குண்டூர், நாகலூர் பாதைகள் இதில் உண்டு. எளிது, மிதமானது, கடினம் என மூன்று வகையாகப் பாதைகளைப் பிரித்திருக்கிறார்கள். பதிவு ஆன்லைனில்தான். காட்டையொட்டிய கிராமங்களையும் பழங்குடிக் குடியிருப்புகளையும் சேர்ந்த, பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் கூடவே வருவார்கள்.

காட்டுத்தீ அபாயம் உள்ள மாதங்களில் பாதைகள் மூடப்படலாம். 2025-ல் பிப்ரவரி நடுவில் மலையேற்றம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. அதனால், லீவு போடுவதற்கு முன்னால் பாதை திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் முறை போகிறவரா? எளிய பாதையையே தேர்ந்தெடுங்கள். குழுவிலேயே நடைப் பழக்கம் குறைந்தவர் யாரோ, அவருக்கு ஏற்ற பாதைதான் உங்கள் குழுவுக்கான பாதை.

கைடு இல்லாம போனா என்ன?

முதலில் சட்டம். அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம்.

இரண்டாவது, குரங்கணி. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 23 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பலர் சென்னை, ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்து வார இறுதிக்காகப் போன இளைஞர்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை அரசு அதே ஆண்டில் கொண்டுவந்தது.

காய்ந்த புல்லில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, யானை எந்த வழியாக வந்து போகும், எந்தப் பாறையில் தேன்கூடு இருக்கிறது என்பதெல்லாம் செல்போன் மேப்பில் தெரியாது. அந்தக் காட்டிலேயே நடந்து பழகியவருக்குத்தான் தெரியும்.

வெயில் கணக்கு

அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்கா, வறண்ட பாலைப் பள்ளத்தாக்கு. கோடையில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை பள்ளத்தாக்கில் நடக்க வேண்டாம் என்பது அங்கிருக்கும் ரேஞ்சர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் அறிவுரை. காலைக் குளிர்ச்சியில் உற்சாகமாக இறங்குகிறவர்கள், உச்சி வெயிலில் மேலே ஏறி வர முடியாமல் தவிப்பதுதான் காரணம்.

நம்ம மலையில் கணக்கு தலைகீழ். காலையில் ஏறுகிறோம். மேலே போகப் போகக் குளிர்ச்சி. 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். “இவ்வளவுதானா வெயில்?” என்று தோன்றும். திரும்பி இறங்கும்போது வெயிலும் ஏறியிருக்கும், நாமும் சமவெளிச் சூட்டை நோக்கித்தான் வந்துகொண்டிருப்போம். கால் தளர்ந்து, பாட்டிலும் காலியாகும் நேரம் அது. உச்சியில் உடம்பு எப்படி இருக்கிறது என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். மிச்சப் பாதையை வைத்து முடிவெடுங்கள்.

எவ்வளவு தண்ணீர்?

வெயிலில் ஏற்றம் ஏறினால் மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை வியர்வையாகவே போகலாம். நாலைந்து மணி நேர நடைக்கு ஆளுக்கு 3 லிட்டர் எடுப்பது நல்லது. 3 லிட்டர் என்றால் 3 கிலோ எடை. அதனால் மற்ற சாமான்களைக் குறையுங்கள். தண்ணீரில் மட்டும் கை வைக்காதீர்கள்.

தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து, தலைவலி, வாந்தி, குழப்பம் வரலாம். உப்புக்கடலை, முறுக்கு, எலுமிச்சை உப்புச் சாறு, மோர் எல்லாமே உதவும். ஓஆர்எஸ் வாங்கினால், உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா என்று பாக்கெட்டில் இருக்கிறதா, எத்தனை மில்லி தண்ணீரில் கலக்க வேண்டும் என்று படியுங்கள். அந்தத் தரம் இல்லாத இனிப்பு பானங்கள் ‘ஓஆர்எஸ்’ பெயரைப் போட்டுக்கொள்ள 2025 அக்டோபரில் எஃப்எஸ்எஸ்ஏஐ தடை விதித்ததை மறந்துவிடாதீர்கள்.

பையில் என்ன, உடம்பில் என்ன?

* முழுக்கை, முழுக்கால் உடை. தளர்வாக, காட்டு நிறத்தில். முள்ளுக்கும் வெயிலுக்கும் இதுதான் பாதுகாப்பு.
* ஏற்கெனவே போட்டுப் பழகிய ஷூ. புது ஷூ கொப்புளத்தில்தான் முடியும். ஒரு ஜோடி சாக்ஸ் கூடுதலாக இருக்கட்டும்.
* தொப்பி, துண்டு, விசில், சின்ன டார்ச், பேண்டேஜ், தினமும் சாப்பிடும் மாத்திரை, அடையாள அட்டை.
* பெர்ஃப்யூம், ஸ்பீக்கர், சிகரெட், தீப்பெட்டி வேண்டாம். வாசனையும் சத்தமும் தேனீயைச் சீண்டலாம்; ஒரு பொறி காட்டையே எரிக்கலாம்.
* போனை ஏரோபிளேன் மோடில் வையுங்கள். சிக்னல் தேடியே சார்ஜ் தீர்ந்துவிடும். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

இரண்டு வாரப் பயிற்சி

நாள் முழுக்க லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு, ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால் இறங்கும்போதுதான் முழங்கால் கெஞ்சும். திருச்செங்கோடு மலைக்கோயிலில் 1,200-க்கும் மேற்பட்ட படிகள் இருக்கின்றன. பையில் 3 லிட்டர் தண்ணீரோடு காலையில் ஏறி, நடந்தே இறங்கிப் பாருங்கள். முழங்கால் என்ன சொல்கிறது என்று மறுநாள் தெரியும். இதயநோய், ஆஸ்துமா, சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் கிளம்பாதீர்கள்.

யாராவது தடுமாறினால்?

தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் நிழலில் உட்காரவைத்து, உடையைத் தளர்த்தி, உப்புக் கலந்த தண்ணீர் கொடுங்கள். பேச்சு குழறினால், ஆள் குழம்பினால், அது வெப்பத்தாக்கமாக இருக்கலாம். உடனே உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108-க்குத் தகவல் சொல்லுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பாம்பு கடித்தால் கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல், அசையவிடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

கடைசியா, ஆனா முதல்லயே பேசவேண்டியது

உச்சிக்கு இன்னும் அரை மணி நேரம்தான். அப்போது கைடு, “இன்னைக்கு இத்தோட போதும் தம்பி, திரும்பிரலாங்க” என்பார். நம்மில் ஒருத்தர், “இவ்வளவு தூரம் வந்துட்டோமேண்ணே, இன்னும் கொஞ்சம்தானே?” என்று கெஞ்சுவார். பிரச்னை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

அதனால், கிளம்பும் முன்பே குரூப்பில் மூன்று விஷயங்களை முடிவு செய்துகொள்ளுங்கள். ஒன்று, யாருடைய தண்ணீராவது பாதியாகக் குறைந்தால் அதுவே எல்லோருக்கும் திரும்பும் இடம். இரண்டு, ஒருத்தருக்கு முடியவில்லை என்றால் என்ன செய்வது என்பதை கைடு சொல்வார். குழு தானாகப் பிரியக் கூடாது. மூன்று, கைடு திரும்பச் சொன்னால் மறுபேச்சு கிடையாது. களைத்துப்போய் நிற்கும்போது எடுக்கும் முடிவைவிட, தடுப்பணைப் படியில் உட்கார்ந்து தெளிவாக எடுத்த முடிவு நம்பகமானது.

உச்சி எங்கேயும் போகாது. அடுத்த மாதமும் அங்கேதான் இருக்கும். ஏறப்போன அத்தனை பேரும் அடுத்த ஞாயிறு ஜேடர்பாளையத்தில் மீன் வறுவலுக்கு வந்துசேரணும். அதுதான் கணக்கு.