வொர்ப்பிள் சாலைத் திடல், விம்பிள்டன்

இன்று பள்ளி மாணவிகள் ஓடியாடும் இந்தத் திடலில்தான் முதல் விம்பிள்டன் டென்னிஸ் போட்டி நடந்தது. 1868-இல் குரோக்கே ஆட்டத்துக்கென்று தொடங்கிய சங்கம், ரயில் பாதையை ஒட்டிய இந்த நான்கு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தது. 1875-இல் ஒரு புல்தரையை டென்னிசுக்கு ஒதுக்கியது.

முதல் போட்டி 1877 ஜூலையில். ஆண்கள் ஒற்றையர் மட்டும். ஆடப் பெயர் கொடுத்தவர்கள் 22 பேர். மழையால் தள்ளிப்போன இறுதி ஆட்டத்தை ஆளுக்கு ஒரு ஷில்லிங் கொடுத்து ஏறத்தாழ 200 பேர் பார்த்தார்கள். வென்றவர் ஸ்பென்சர் கோர்.

கோப்பையைவிடப் பெரிது அந்தப் போட்டிக்காக எழுதப்பட்ட விதிகள். அதுவரை பலர் ஆடிய களம் உடுக்கைபோல நடுவில் குறுகியிருந்தது. ஹென்றி ஜோன்ஸ் உள்ளிட்ட மூவர் குழு அதை 78 அடி நீளம், 27 அடி அகலம் கொண்ட செவ்வகமாக்கியது. உலகெங்கும் ஒற்றையர் ஆட்டத்துக்கு இன்றும் அதே அளவுதான்!

1884-இல் பெண்களும் களம் இறங்கினர். 13 பேர் மோதிய அப்போட்டியின் இறுதியில் மாட் வாட்சன் தன் அக்காள் லிலியனை வென்றார். 1908 ஒலிம்பிக்கின் புல்தரை டென்னிசும் இங்கேதான். பெருகிய கூட்டத்தை இந்த இடம் தாங்கவில்லை. 1922-இல் சங்கம் சர்ச் சாலைக்குக் குடிபெயர்ந்தது.