தலைவலிக்குக் காரணம் கழுத்தா? இயன்முறை மருத்துவர்கள் கண்டறிவது எப்படி?

பெங்களூரு: முடிதிருத்தும் நிலையத்தில் தலை மசாஜ் செய்தபோது கழுத்தை வேகமாகத் திருப்பியதால், பல்லாரியைச் சேர்ந்த 30 வயது தொழிலாளி ஒருவர் பக்கவாதத்துக்கு உள்ளான சம்பவம் 2024-ஆம் ஆண்டில் கர்நாடகத்தில் அதிர்ச்சியை ஏற்படுத்தியது. மூளைக்கு ரத்தம் கொண்டு செல்லும் கரோட்டிட் தமனி கழுத்துப் பகுதியில் கிழிந்ததே இதற்குக் காரணம் என்று தெரியவந்தது. அவருக்குப் பெங்களூருவில் சிகிச்சை அளிக்கப்பட்டது.

இத்தகைய தமனிக் கிழிசல் தொடக்கத்தில் வெறும் கழுத்து வலியாகவோ தலைவலியாகவோ வெளிப்படக்கூடும். எனவேதான், கழுத்தில் கை வைப்பதற்கு முன் முறையான மதிப்பீடு அவசியம் என இயன்முறை மருத்துவம் வலியுறுத்துகிறது.

பெங்களூருவில் எத்தனை பேருக்குத் தலைவலி?

பெங்களூரு நகரிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் 18 முதல் 65 வயது வரையிலான 2,329 பேரிடம் நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் பங்கேற்ற குழு வீடு வீடாக ஆய்வு நடத்தியது. அதன் முடிவுகள் 2015-இல் வெளியாயின. முந்தைய ஓராண்டில் தலைவலி இருந்ததாக 63.9 சதவீதம் பேர் கூறினர். ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஒற்றைத் தலைவலி இருந்தது.

இவற்றுடன் ஒப்பிடும்போது, கழுத்திலிருந்தே உருவாகும் 'செர்விகோஜெனிக்' தலைவலி அரிதானது. ஆனால், ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் கழுத்து வலிப்பது வழக்கம் என்பதால் குழப்பம் நேர்கிறது.

கழுத்தின் முதல் மூன்று நரம்புகள் கொண்டுவரும் வலி உணர்வும், முகம் மற்றும் நெற்றியின் உணர்வைக் கடத்தும் முப்பிரிவு நரம்பின் சமிக்ஞைகளும் தண்டுவடத்தின் மேற்பகுதியில் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. இதனால் கழுத்து மூட்டில் எழும் வலி கண்ணுக்குப் பின்னால் உணரப்படலாம். அதேபோல், ஒற்றைத் தலைவலியின் வலி கழுத்தில் தோன்றலாம்.

முதலில் அபாய அறிகுறிகள்

இதுவரை அனுபவித்திராத கடும் தலைவலி திடீரெனத் தோன்றுதல், காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, விழுங்குவதில் சிரமம், நடையில் தள்ளாட்டம், கை கால் பலவீனம், விபத்துக்குப் பிந்தைய கழுத்து வலி, 50 வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கும் தலைவலி ஆகியவை அபாய அறிகுறிகளாகக் கருதப்படுகின்றன. இவற்றில் ஒன்று இருந்தாலும் இயன்முறை சிகிச்சையைத் தொடங்காமல், நோயாளியை உடனடியாக மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

அடுத்து, வலியின் தன்மை கேட்டறியப்படுகிறது. குமட்டல், வெளிச்சத்தையும் ஓசையையும் தாங்க இயலாமை, துடிக்கும் வலி ஆகியவை ஒற்றைத் தலைவலியைச் சுட்டுகின்றன. பக்கம் மாறாமல் ஒரே பக்கத்தில் நீடித்து, கழுத்தை அசைத்தால் அதிகரிக்கும் வலி கழுத்தின் மீது சந்தேகத்தை எழுப்புகிறது.

வலி மாத்திரைகள் பற்றிய கேள்வியும் முக்கியம். சாதாரண வலி நிவாரணிகளை மாதத்தில் 15 நாள்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்து உட்கொண்டால் அந்த மாத்திரைகளே தலைவலிக்குக் காரணமாகலாம்.

கழுத்துச் சோதனை

நோயாளியை மல்லாந்து படுக்கவைத்து, கழுத்தை முழுமையாக முன்னோக்கி வளைத்த நிலையில் தலையை இருபுறமும் மெதுவாகத் திருப்பிப் பார்ப்பது முக்கியச் சோதனை. வழக்கமாக ஒவ்வொரு பக்கமும் சுமார் 44 டிகிரி வரை திரும்பும். ஒரு பக்கத்தில் இது ஏறத்தாழ 32 டிகிரிக்கும் கீழே குறைந்தால், முதல் இரு கழுத்தெலும்புகளுக்கு இடையிலான மூட்டில் இறுக்கம் இருக்கலாம். கழுத்தின் ஆழ்தசைகளின் வலிமையும் சோதிக்கப்படுகிறது. அன்றாடப் பணிகளில் ஏற்படும் பாதிப்பை அளக்க, 10 கேள்விகள் கொண்ட கழுத்து இயலாமைக் குறியீடு பயன்படுகிறது.

எக்ஸ்ரேயில் 'எலும்புத் தேய்மானம்' தெரிவதை மட்டும் வைத்து முடிவெடுக்க இயலாது. வலியே இல்லாதவர்களிடமும் வயதுக்கேற்ப இத்தேய்மானம் காணப்படுகிறது.

சரியாகக் கண்டறியப்பட்டால் பலன் உண்டு. கழுத்துசார் தலைவலி உள்ள 200 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடத்தப்பட்டு 2002-இல் வெளியான ஆய்வில், ஆறு வாரக் கைமுறை சிகிச்சையும் உடற்பயிற்சியும் தலைவலியைக் குறைத்தன. அந்தப் பலன் ஓராண்டுக்குப் பின்னரும் நீடித்தது.

சிகிச்சைக்குச் செல்வோர், தலைவலி வந்த நாள், நீடித்த நேரம், வலித்த பக்கம், உட்கொண்ட மாத்திரை ஆகியவற்றைச் சில வாரங்களுக்குக் குறித்து எடுத்துச் செல்வது காரணத்தைக் கண்டறியப் பெரிதும் உதவும். மசாஜின்போது கழுத்தைச் சொடுக்கெடுக்க எவரையும் அனுமதிக்காமல் இருப்பதே பாதுகாப்பானது.