கல்லூரியின் நான்கு புலங்களும் அவற்றின் நோக்கமும்

ஒரு கல்லூரியைக் கிறிஸ்தவக் கல்லூரி என்று நாம் அழைப்பது எதனைக் கருதி? வளாகத்தில் ஆலயம் இருப்பதும், வகுப்பு தொடங்குமுன் ஜெபம் ஏறெடுக்கப்படுவதும், நிர்வாகத்தில் குருமார் அமர்ந்திருப்பதும் அப்பெயருக்குப் போதுமா? அன்றி, வேதியியலும் பொருளியலும் ஓவியமும் கற்பிக்கப்படும் முறையிலும் விசுவாசத்திற்கு இடம் உண்டா? இவ்வினாவை ஆராய, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மின்னசோட்டா மாநிலத்தில் காலேஜ்வில் என்னுமிடத்திலுள்ள புனித யோவான் பல்கலைக்கழகம் நமக்கு உதவும்.

உரோமன் கத்தோலிக்கத் திருச்சபையின் பெனடிக்ட் சபைத் துறவிகள் 1857ஆம் ஆண்டு நிறுவிய கல்விச்சாலை இது. பட்டப்படிப்பு நிலையில் ஆண்களுக்குரியது. அருகிலுள்ள புனித பெனடிக்ட் மகளிர் கல்லூரி 1913இல் தொடங்கப்பட்டது. இன்று இரு கல்லூரி மாணவரும் ஒரே பாடத்திட்டத்தின்கீழ் சேர்ந்து பயில்கின்றனர். இங்குள்ள துறைகள் மரபாக மானிடவியல் கலைகள், இயற்கை அறிவியல், சமூக அறிவியல், நுண்கலை என நான்கு புலங்களாகத் தொகுக்கப்பட்டு வந்துள்ளன. துறை ஒரு பாடத்தைக் கற்பிக்கிறது. புலமோ ஒருவகையான வினாவைக் கேட்கப் பழக்குகிறது. எனவே ஒவ்வொரு புலத்தின் நோக்கத்தையும் தனித்தனியே காண்போம்.

முதலாவது, இலக்கியமும் வரலாறும் தத்துவமும் மொழிகளும் அடங்கிய மானிடவியல் கலைகள். பிறர் குரலுக்குச் செவிசாய்க்கக் கற்பிப்பதே இப்புலத்தின் நோக்கம். புனித பெனடிக்டின் ஒழுங்குநூலும் கேட்கும்படியான அழைப்புடனேயே தொடங்குகிறது. 1944இல் மோந்தே கசீனோ மடம் குண்டுவீச்சில் அழிந்ததை அறிந்திருந்த இத்துறவிகள், பழஞ்சுவடிகள் மற்றொரு போரில் மறைந்துபோகலாகாது என்று கருதி, 1965இல் ஆஸ்திரிய மடங்களின் கையெழுத்துப் படிகளை நுண்படம் எடுக்கத் தொடங்கினர். பின்னர் எத்தியோப்பியச் சுவடிகளும், நம் அண்டை மாநிலமான கேரளத்தின் சுரியானிச் சுவடிகளும் இப்பணியில் சேர்ந்தன. தங்கள் சபைக்கு அப்பாற்பட்டோரின் குரலையும் காப்பது கல்வியின் கடமை என்பதற்கு இது சான்று.

இரண்டாவது, இயற்கை அறிவியல். படைப்பை அதற்குரிய விதிகளின்படியே அறிவது இதன் நோக்கம். ஆய்வுக்கூடத்தில் கடவுளை நிரூபிக்க முயலுதல் இதன் வேலையன்று. எனினும் மடத்தின் கருவிகளையும் உடைமைகளையும் பலிபீடத்தின் பாத்திரங்களைப்போல் கருதவேண்டும் என்று ஒழுங்குநூலின் 31ஆம் அதிகாரம் கண்காணிப்பாளனுக்குக் கற்பிக்கிறது. மடத்தைச் சூழ்ந்துள்ள 2,500 ஏக்கருக்கும் மேற்பட்ட காட்டையும் ஏரிகளையும் ஆராயும் மாணவன் இக்கற்பனையின் நிழலிலேயே நிற்கிறான். அவனுடைய அறிவு பொறுப்புணர்வாக மாறவேண்டும்.

மூன்றாவது, சமூக அறிவியல். மக்கள் கூடிவாழும் அமைப்புகளையும், அவற்றிலுள்ள அநீதியையும் இன்னதென்று கண்டறிவது இதன் நோக்கம். இம்மடத்துத் துறவியான விர்ஜில் மிக்கேல், 1926இல் வழிபாட்டு மறுமலர்ச்சிக்கென ஓர் ஏட்டைத் தொடங்கினார். நற்கருணையில் ஓருடலாகக் கூடுவோர் தொழிலிலும் சந்தையிலும் பகைவராய் வாழ்தல் முரண்பாடு என்பதை உணர்ந்து, 1938இல் மரிக்கும்வரை வழிபாட்டையும் சமூக நீதியையும் இணைத்தே போதித்தார்.

நான்காவது, நுண்கலை. கையும் கண்ணும் மனமும் ஒருங்கே பண்படுவது இதன் நோக்கம். கைவினைஞர் தம் திறமையால் செருக்குறாது தாழ்மையோடு தொழில் செய்யவேண்டும் என்கிறது ஒழுங்குநூலின் 57ஆம் அதிகாரம். 1979 முதல் இங்கு நடைபெறும் மட்பாண்டக் கூடம் அவ்வட்டாரத்து மண்ணையே பயன்படுத்துகிறது. தன் காலடியிலுள்ள மண்ணை அறியாமல் எவரும் அங்கே கலைஞராக முடியாது.

இந்நான்கும் எங்கே சந்திக்கின்றன? இம்மடமும் பல்கலைக்கழகமும் 1998இல் டொனால்டு ஜாக்சன் என்னும் எழுத்தோவியரிடம் முழு வேதாகமத்தையும் கையால் எழுதும் பணியை ஒப்படைத்தன. கன்றுத்தோலில் இறகுக்கோலால் எழுதப்பட்ட இப்பெரும்பணி 2011இல் நிறைவுற்றது. மத்தேயு நற்செய்தியின் வம்சவரலாற்றுப் பக்கத்தில் யூதக் குத்துவிளக்கின் வடிவத்தோடு மரபணுவின் இரட்டைச் சுருளும் தீட்டப்பட்டுள்ளது. மொழியறிவும் உயிரியலும் கலையும் அங்கே ஒரே திருவசனத்திற்கு ஊழியம் செய்கின்றன.

ஆகவே விசுவாசத்தைக் காக்கும் பொறுப்பை இறையியல் துறையிடம் மட்டும் ஒப்படைத்துவிடுதல் தவறு. அவ்வாறு செய்தால் இருவகை இழப்பு நேரிடும். ஏனைய புலங்கள் 'எதற்காக' என்னும் வினாவை இழக்கும். இறையியலோ பேசுவதற்குரிய உலகை இழக்கும். இறையியலை விலக்கினால் அதன் இடத்தைப் பிற கலைகள் எல்லைமீறிப் பற்றிக்கொள்ளும் என்று நியூமன் 1852இல் டப்ளின் நகரில் ஆற்றிய சொற்பொழிவுகளில் எச்சரித்தார். பிற கலைகளை விலக்கிய இறையியலும் அவ்வாறே எல்லைமீறும் என்பதை நாம் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

நோக்கங்களை ஏட்டில் எழுதிவைப்பது எளிது. வேலைவாய்ப்பை மட்டுமே நாடி மாணவர் வரும்போதும், நிதிக்காகத் துறைகள் போட்டியிடும்போதும் அந்நோக்கங்கள் சோதிக்கப்படுகின்றன. ஒரு புலத்தின் ஆசிரியர் மற்றொரு புலத்தாரின் வினாவை மதித்துக் கேட்கிறாரா என்பதே அச்சோதனையின் உரைகல்.

இச்சோதனை இறையியல் கல்லூரிகளுக்கும் உரியது. பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, திருச்சபை வரலாறு, சமயங்கள், ஊழியம் என நாமும் பிரித்தே கற்கிறோம். ஆமோஸின் எபிரெய மூலத்தில் தேர்ந்த மாணவன், தன் சேகரத்து விவசாயக் கூலியாட்கள் பெறும் ஊதியம் எவ்வளவு என்று அறியாதிருப்பானாயின், அவன் ஆமோஸை இன்னும் வாசிக்கவில்லை. கூலிக் கணக்கை அறிந்த சமூக ஊழியன் ஆமோஸைத் திறவாதிருப்பானாயின், நீதி யாருடைய கட்டளை என்பதை அவன் மறப்பான். பிரித்துக் கற்பது அறிவின் ஒழுங்கு. கற்றவற்றைச் சேர்த்து ஒரே ஆண்டவருக்குப் படைப்பது நம் அழைப்பு. நம் பாடத்திட்டங்கள் இவ்விரண்டில் எதற்கு நேரம் ஒதுக்குகின்றன என்பதை நாம் ஆராய்ந்து பார்ப்போமாக.