கிக்ஸ்டார்ட் (லினக்ஸ் நிறுவல் முறை)

கிக்ஸ்டார்ட் என்பது லினக்ஸ் இயங்குதளத்தை, பயனரிடம் கேள்விகள் கேட்காமல் தானாகவே நிறுவுவதற்கு ரெட் ஹாட் நிறுவனம் உருவாக்கிய முறை ஆகும். ஃபெடோரா, ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் ஆகியவற்றின் நிறுவியான அனகோண்டா இம்முறையைப் பயன்படுத்துகின்றது. மொழி, நேர வலயம், வட்டுப் பிரிவுகள், மென்பொருட் பொதிகள் முதலியவற்றுக்கான விடைகள் ஓர் உரைக்கோப்பில் முன்கூட்டியே எழுதப்படுகின்றன.

வன்பொருள் வேறுபாடுகள்

ஒரே மாதிரியான கணினிகளுக்கு ஒரே கோப்பு போதுமானது. ஆனால் ஓர் ஆய்வுக்கூடத்தில் வெவ்வேறு ஆண்டுகளில் வாங்கிய கணினிகள் இருப்பது வழக்கம். அவற்றின் வட்டுகள் ஒரே பெயரைப் பெறுவதில்லை. சாட்டா வட்டு எஸ்டிஏ எனவும், என்விஎம்இ வட்டு என்விஎம்இ0என்1 எனவும், மெய்நிகர் கணினியின் வட்டு பெரும்பாலும் விடிஏ எனவும் பெயர் பெறும். மேலும், எஸ்டிஏ, எஸ்டிபி ஆகிய பெயர்கள் வட்டுகள் கண்டறியப்படும் வரிசையைப் பொறுத்தவை. செருகப்பட்ட யூஎஸ்பி நினைவகமும் எஸ்டிஏ ஆகலாம். எனவே பெயரை மட்டும் நம்பி எழுதப்படும் அழித்தல் கட்டளை, தரவுகள் உள்ள வேறொரு வட்டை அழித்துவிடக்கூடும். உறுதிப்படுத்தும் கேள்வி எதுவும் எழாததால் இத்தவறு நிகழ்ந்த பின்னரே தெரியவரும்.

வலையமைப்பு அட்டைகளிலும் இதே சிக்கல் உண்டு. 2013 இல் வெளியான சிஸ்டம்டி 197 ஆம் பதிப்பு, ஈத்0 போன்ற வரிசைப் பெயர்களுக்குப் பதிலாக அட்டை பொருத்தப்பட்ட இடத்தைக் குறிக்கும் பெயர்களை வழங்கியது. இப்பெயர்கள் ஒரு கணினியில் நிலையானவை. எனினும் கணினிக்குக் கணினி மாறுபடும்.

முன்நிலைக் குறுநிரல்

இதற்குத் தீர்வாகக் கிக்ஸ்டார்ட் கோப்பில் "ப்ரீ" என்னும் பகுதி உள்ளது. இதிலுள்ள குறுநிரல், வட்டுகள் பிரிக்கப்படுவதற்கு முன் இயங்குகின்றது. அது பின்வருவனவற்றைச் செய்யலாம்:

* கணினியிலுள்ள வட்டுகளைப் பட்டியலிட்டு, கழற்றத்தக்கவற்றை நீக்குதல்
* கொள்ளளவு அல்லது இணைக்கப்பட்ட இடத்தைக் கொண்டு உரிய வட்டைத் தெரிதல்
* கணினி யூஇஎஃப்ஐ முறையில் துவங்கியதா, பழைய பயோஸ் முறையில் துவங்கியதா என அறிதல்
* இவற்றுக்கேற்ற கட்டளைகளை ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதுதல்

முதன்மைக் கோப்பிலுள்ள "இன்க்ளூட்" கட்டளை அத்தற்காலிகக் கோப்பைச் சேர்த்துக்கொள்ளும். இவ்வாறு ஒரே கோப்பு பலவகைக் கணினிகளுக்கும் பொருந்துகின்றது.

பாதுகாப்பு

தெரிவு செய்த வட்டைத் தவிர மற்றவற்றைப் புறக்கணிக்குமாறு "இக்னோர்டிஸ்க்" கட்டளையால் பணிக்கலாம். பொருத்தமான வட்டு கிடைக்காவிடினும், ஒன்றுக்கு மேற்பட்டவை பொருந்தினாலும், ஊகித்துத் தொடராமல் நிறுவலை நிறுத்துமாறு குறுநிரலை எழுதுவதே பாதுகாப்பானது.

பிற வழங்கல்கள்

டெபியனில் ப்ரீசீட் என்னும் முறை இதற்கு இணையானது. உபுண்டு வழங்கிப் பதிப்பு 20.04 இல் (2020) அறிமுகமான ஆட்டோஇன்ஸ்டால் முறையில், மிகப்பெரிய வட்டு போன்ற பண்புகளைக் கூறியே வட்டைத் தெரிவு செய்யலாம்.