தாய்ப்பால் ஊட்ட உதவி: செலவின்றிப் பெறும் வழிகள்

சுகப்பிரசவமான தாய் பொதுவாக மூன்றாம் நாள் வீடு திரும்புகிறார். பிரசவித்த இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில்தான் பால் நிறையச் சுரக்கத் தொடங்குகிறது. மார்பு கனத்து வலிக்கிறது, காம்பு புண்ணாகிறது, குழந்தை இரவெல்லாம் அழுகிறது. செவிலியர் கட்டிலருகே இருந்த நாள்களில் இத்தொல்லைகள் பெரும்பாலும் தலைகாட்டுவதில்லை. அவை வரும்போது தாய் ஏரியூர்ப் பக்கத்திலோ ஒகேனக்கல் சாலையை ஒட்டிய சிற்றூரிலோ பேருந்து எட்டாத மலைக் கிராமத்திலோ இருக்கிறார். அப்போது வீட்டாருக்கு முதலில் நினைவுக்கு வருவது மருந்துக் கடையும் பால் பவுடர் டின்னுமே.

மூன்றாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடைப்பட்ட இந்த ஒரு வாரத்தைப் பணம் செலவழிக்காமல் கடப்பது எவ்வாறு என்பதையே இங்கு விளக்குகிறோம். பெருநகரங்களில் தாய்ப்பால் ஆலோசகர்கள் கட்டணம் பெற்றுக்கொண்டு வீட்டுக்கே வருகின்றனர். அவர்கள் செய்யும் முதல் வேலை, தாய் ஒரு முறை பாலூட்டுவதை அருகிலிருந்து பார்த்துக் குறையைத் திருத்துவது. அந்தப் பயிற்சி பெற்ற கண்கள் அரசு மருத்துவமனையிலும் உண்டு. கிராம சுகாதார செவிலியரிடமும் உண்டு. அவற்றுக்குக் கட்டணம் இல்லை.

'பால் பற்றவில்லை' என்று தோன்றுவது ஏன்?

முதல் நாளில் குழந்தையின் இரைப்பை ஒரு வேளைக்கு ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிப் பாலையே கொள்ளும். அந்த அளவுக்கு ஏற்பவே கெட்டியான, மஞ்சள் நிறச் சீம்பால் சுரக்கிறது. அளவு குறைவாகத் தெரிவதால் பால் இல்லை என்று பொருளல்ல. நோயை எதிர்க்கும் ஆற்றல் செறிந்த சீம்பாலைப் பீய்ச்சி வெளியே விடுவது குழந்தைக்கு இழப்பு.

பால் சுரப்பது குழந்தை சப்புவதைப் பொறுத்தது. குழந்தை எவ்வளவு சப்புகிறதோ அவ்வளவுக்கு மூளையிலிருந்து பால் சுரப்புக்கான இயக்குநீர் வெளிப்படுகிறது; இரவில் அது மிகுதி. எனவே இரவில் புட்டிப்பால் கொடுத்துத் தாயைத் தூங்கச் செய்வது, மறுநாள் சுரக்க வேண்டிய பாலைக் குறைத்துவிடும். சப்புதல் குறைய, பால் குறைகிறது. பால் குறைய, டின் கூடுகிறது. ஒரு டின்னோடு நிறுத்திவிடலாம் என்று தொடங்கும் வீடுகளில் தாய்ப்பால் முற்றிலும் நின்றுபோவது இவ்வாறுதான்.

2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைகளிலும் சுகாதார நிலையங்களிலுமே நடக்கின்றன. ஆயினும் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுள் தாய்ப்பால் மட்டுமே பெறுவோர் ஏறத்தாழ 55 விழுக்காட்டினரே. மருத்துவமனைக்கு வந்து சேர்வதில் வென்றுவிட்டோம். வீடு திரும்பிய பின்னர் துணை நிற்பதில் இன்னும் தொலைவு இருக்கிறது.

டின்னின் உண்மையான விலை

ஒரு மாதக் குழந்தைக்கு முழுவதும் பவுடர் பாலே கொடுத்தால், 400 கிராம் டின் நான்கைந்து நாள்களுக்கு மேல் வராது. மாதத்துக்கு ஆறு அல்லது ஏழு டின். ஆறு மாதத்துக்கு ஏறத்தாழ 40 டின். ஒரு டின் 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 16,000 ரூபாய் ஆகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாயில் ரொக்கமாகத் தரப்படுவது 14,000 ரூபாய். தாய் சத்தாக உண்பதற்கென வரும் பணம் முழுவதையும் டின் விழுங்கி, அதற்கு மேலும் கேட்கும்.

பணத்தை மிச்சப்படுத்த அளவுக்கரண்டியில் பவுடரைக் குறைத்து நீரைக் கூட்டும் வீடுகளில் குழந்தை மெலிகிறது. நீரும் புட்டியும் தூய்மையாக இல்லாவிடில் வயிற்றுப்போக்கு வருகிறது. இவ்வாபத்துகளைக் கருதியே நடுவண் அரசு 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பால் பவுடர், பால் புட்டி ஆகியவற்றின் விளம்பரத்தையும் தாய்மார்களுக்கு இலவச மாதிரிகள் தருவதையும் தடை செய்தது. எவரேனும் இலவச டின் கொடுத்தால் அதை வாங்காதீர்கள்.

மருத்துவக் காரணங்களால் சில குழந்தைகளுக்குப் பவுடர் பால் தேவைப்படலாம். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும். அவ்வாறு கொடுக்க நேர்ந்த தாய் எவ்விதக் குற்ற உணர்வும் கொள்ள வேண்டியதில்லை. டின்னில் குறித்துள்ள அளவை மாற்றாமல், கொதிக்க வைத்த நீரில் கலந்து கொடுத்தால் போதும்.

வீடு திரும்புமுன் கேட்க வேண்டியவை

பிரசவித்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை மார்பில் இடுமாறு கேளுங்கள். அறுவைச் சிகிச்சையாயினும், தாயின் உடல்நிலை சீராக இருந்தால், செவிலியர் துணையோடு படுத்தவாறே பாலூட்ட இயலும்.

வீட்டுக்கு அனுப்பப்படும் முன் ஒரு முறையேனும், "நான் பாலூட்டுவதை முழுவதும் பார்த்துச் சொல்லுங்கள் சிஸ்டர்" என்று தயங்காமல் கேளுங்கள். அப்போது அவர் நான்கு அடையாளங்களைப் பார்ப்பார்: குழந்தையின் வாய் அகலத் திறந்திருத்தல், கீழுதடு வெளிப்புறம் மடிந்திருத்தல், முகவாய் மார்பைத் தொட்டிருத்தல், காம்பைச் சுற்றிய கரும்பகுதி குழந்தையின் வாய்க்குக் கீழே தெரிவதைவிட மேலே மிகுதியாகத் தெரிதல். குழந்தை காம்பை மட்டும் கவ்வினால் காம்பு புண்ணாகும். பாலும் சரிவர வராது. காம்பு வலிக்குப் பெரும்பாலும் மருந்து தேவையில்லை. பிடிப்பைத் திருத்தினால் போதும்.

காம்பு உள்வாங்கியிருந்தால் அதை அப்போதே சொல்லுங்கள். முனையை வெட்டித் திருப்பிப் பொருத்திய சாதாரண ஊசிக்குழலைக் கொண்டு காம்பை மெல்ல வெளியே இழுக்கும் முறையைச் செவிலியர் கற்றுத் தருவார். கையால் பால் பீய்ச்சும் முறையையும் கற்றுக்கொண்டே செல்லுங்கள். கை பழகிவிட்டால் விலையுயர்ந்த பம்பு வாங்க வேண்டிய தேவை பெரும்பாலோர்க்கு எழுவதில்லை.

வீட்டுக்கு வந்தபின் யாரிடம் கேட்பது?

முதலாமவர் உங்கள் ஊர்க் கிராம சுகாதார செவிலியர்; மலைக் கிராமங்களில் ஆஷா பணியாளரும் உண்டு. வீடுசார் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புத் திட்டப்படி, மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாள்களில் வீட்டுக்கே வந்து பார்க்க வேண்டும். எடை பார்ப்பதும் பாலூட்டலைக் கவனிப்பதும் அதில் அடங்கும். அவருடைய கைப்பேசி எண்ணை மருத்துவமனையிலிருந்து புறப்படுமுன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பேறுகாலத்துக்குத் தாய்வீடு சென்றால், அந்த ஊர்ச் செவிலியருக்குத் தகவல் சொல்வது உங்கள் குடும்பத்தின் பொறுப்பு. சொல்லாவிட்டால், இரு ஊர்ச் செவிலியரும் மற்றவர் பார்ப்பார் என்று எண்ணிவிட வாய்ப்புண்டு.

இரண்டாவது, துணை சுகாதார நிலையமும் ஆரம்ப சுகாதார நிலையமும். ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குச் செல்லும் நாளில் பாலூட்டல் பற்றியும் கேளுங்கள். ஆனால் தொல்லை இருந்தால் அந்நாள் வரை காத்திராதீர்கள்.

மூன்றாவது, 104 என்ற இலவசத் தொலைபேசி எண். எந்நேரமும் மருத்துவ ஆலோசனை பெறலாம்.

நான்காவது, அங்கன்வாடி மையம். பாலூட்டும் தாய்க்கு ஆறு மாதம் வரை சத்துமாவு அங்கே இலவசம்.

ஐந்தாவது, மீண்டும் மருத்துவமனையே. வீட்டுக்கு அனுப்பப்பட்ட பின் திரும்பி வருவதில் கூச்சம் வேண்டா. பாலூட்டுவதில் சிக்கல் என்று சொன்னாலே போதும். அதுவும் ஒரு மருத்துவக் காரணம்தான். 2011ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தாய் சேய் பாதுகாப்புத் திட்டத்தின்படி, நோயுற்ற குழந்தைக்கு ஓராண்டு வரை அரசு மருத்துவமனைகளில் சிகிச்சையும் மருந்தும் போக்குவரத்தும் இலவசம்.

வழியில் குழந்தை பசித்து அழுதால், பேருந்து நிலையப் பாலூட்டும் அறையைப் பயன்படுத்துங்கள். தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் 2015 முதல் இவ்வறைகள் அமைக்கப்பட்டு வருகின்றன.

பால் போதுமா என்று அறிவது எப்படி?

அழுகையை மட்டும் அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். ஐந்தாம் நாளுக்குப் பின் குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறையோ அதற்கு மேலோ சிறுநீர் கழித்தால், பெரும்பாலும் பால் போதுகிறது. பிறந்த சில நாள்களில் எடை சற்றுக் குறைவது இயல்பு; இரண்டு வாரத்துக்குள் பிறந்தபோது இருந்த எடை திரும்பிவிட வேண்டும்.

மார்பு கட்டிக்கொண்டால் இளஞ்சூட்டுத் துணி ஒற்றடம் கொடுத்து, சிறிது பாலைப் பீய்ச்சிவிட்டுப் பின் குழந்தையைச் சப்ப விடுங்கள். மார்பு சிவந்து, காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவரிடம் வாருங்கள்; அதற்காகப் பாலூட்டலை நிறுத்த வேண்டியதில்லை. தாய் வேலைக்குச் செல்ல நேர்ந்தால், பீய்ச்சிய பாலைக் கொதிநீரில் சுத்தம் செய்த மூடியுள்ள எவர்சில்வர் கிண்ணத்தில் நிழலான இடத்தில் வைத்து, நான்கு மணி நேரத்துக்குள் சங்கினால் புகட்டலாம். புட்டியைவிடச் சங்கைக் கழுவுவது எளிது.

குழந்தை பால் குடிக்க மறுத்தல், எழுப்பினாலும் எழாமல் சோர்ந்திருத்தல், மூச்சு வாங்குதல், உடல் சில்லிடுதல் அல்லது காய்ச்சல், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் படர்தல், வெகுநேரம் சிறுநீர் கழிக்காதிருத்தல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் விடியும் வரை காத்திராமல் 108க்கு அழையுங்கள்.

வீட்டிலுள்ளோர்க்கு

குழந்தைக்குச் சேனை வைப்பது, தேன் தடவுவது, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், வசம்பு ஆகியன அன்பினால் செய்யப்படுபவையே. ஆயினும் பச்சிளங்குழந்தைக்கு இவை தீங்கு விளைவிக்கலாம். தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் ஓராண்டுக்குட்பட்ட குழந்தையின் உடலைத் தளர்த்திவிட வல்லது. ஆறு மாதம் வரை கோடைக் காலத்திலும் தண்ணீர் கூடத் தேவையில்லை. தாய்ப்பாலிலேயே போதிய நீர் உள்ளது.

பத்தியம் என்று தாயின் உணவையும் தண்ணீரையும் குறைக்காதீர்கள். கேழ்வரகுக் களியும், கீரையும், பருப்பும், முட்டையும், தாகத்துக்கு வேண்டிய தண்ணீருமே போதும். பால் பெருக்கும் பொடி என்று விற்பவற்றுக்குப் பணம் செலவழிக்க வேண்டா. மாமியாரும் தாயாரும் "உனக்குப் பாலே இல்லையே" என்று சொல்லும் ஒரு சொல், களைத்திருக்கும் பெண்ணின் உறுதியைக் குலைத்துவிடும். அதற்கு மாறாக, பாலூட்டி முடித்ததும் குழந்தையை வாங்கி ஏப்பம் விடச் செய்து, அவரை ஒரு மணி நேரம் உறங்க விடுங்கள். கணவர் செய்யத்தக்க பேருதவி, செவிலியரின் எண்ணைத் தம் கைப்பேசியில் வைத்திருந்து, ஐயம் எழுந்த அன்றே அழைப்பது. டின் வாங்கக் கடைக்குப் புறப்படுமுன் அந்த ஓர் அழைப்பைச் செய்யுங்கள்.