பிரேக் பிடிக்காவிட்டால்?

கார் கம்பெனியில் சீனியர் சாஃப்ட்வேர் இன்ஜினீயர் வேலை வேண்டுமா? புதிர்களை விடுவித்தால் மட்டும் போதாது. தவறு நேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

பெங்களூர் ஒயிட்ஃபீல்டின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இரவு பதினொரு மணிக்கும் சில ஜன்னல்களில் விளக்கு எரிகிறது. அமெரிக்காவோடு போனில் பேசிக்கொண்டிருப்பவர்கள் சிலர். இன்னும் சிலர் பரீட்சைக்குப் படிப்பவர்கள். பிள்ளைகள் அல்ல, பிள்ளைகளின் பெற்றோர். வயது முப்பத்தைந்தைத் தொட்டிருக்கும். பத்துப் பன்னிரண்டு ஆண்டு அனுபவம், வீட்டுக் கடன், வருடா வருடம் ஏறும் பள்ளிக் கட்டணம். வங்கிக்கும் காப்பீட்டுக் கம்பெனிக்கும் புரோகிராம் எழுதிச் சலித்தவர்கள், இப்போது கார் கம்பெனிகளின் கதவைத் தட்ட ஆயத்தமாகிறார்கள்.

கதவுகளுக்கும் பஞ்சமில்லை. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் மைக்கோ என்ற பெயரில் 1950களிலேயே பெங்களூரில் காலூன்றியது. மெர்சிடிஸ் பென்ஸ் 1996இல் இங்கே ஆராய்ச்சி மையம் அமைத்தது. புனேயில் டாடா மோட்டார்ஸ் இருக்கிறது, அதைச் சுற்றிப் பாகம் செய்து தரும் கம்பெனிகள் இருக்கின்றன. இன்று சொகுசுக் கார் ஒன்றில் நூறு சிறு கம்ப்யூட்டர்கள் வரை இருக்கலாம். அவற்றுக்கு உயிர் கொடுக்கும் சாஃப்ட்வேரில் கணிசமான பகுதி இந்த ஊர்களில்தான் எழுதப்படுகிறது.

ஆனால் தயாரிப்பு தொடங்கும் இடத்திலேயே பலர் தடம் மாறிவிடுகிறார்கள். சாஃப்ட்வேர் உலகின் வழக்கமான இன்டர்வியூ என்பது புதிர்ப் போட்டி. எண்களை வரிசைப்படுத்து, குறுக்கு வழியைக் கண்டுபிடி, அரை மணிக்குள் முடி. நானூறு புதிர்களை மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. கார் கம்பெனியிலும் அந்தச் சுற்று இருக்கத்தான் செய்கிறது. அதற்கு இரண்டு வாரப் பயிற்சி போதும். சீனியர் பதவிக்கான விசாரணை அதற்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது.

ஒரு நல்ல உதாரணம், ஆக்ஸிலரேட்டர் மிதி. அந்தக் காலத்தில் மிதியிலிருந்து இன்ஜினுக்கு ஒரு கம்பி ஓடும். இப்போது மிதியில் இருப்பவை சென்சார்கள், அதுவும் ஒன்றல்ல, இரண்டு. மிதி எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்று இரண்டும் தனித்தனியே கம்ப்யூட்டருக்குச் சொல்கின்றன. ஒன்று முப்பது சதவீதம் என்கிறது. மற்றது எண்பது என்கிறது. எதை நம்புவீர்கள்?

இரண்டையும் கூட்டி சராசரி எடுப்பேன் என்று சொல்லத் தோன்றும். வங்கியில் வளர்ந்த மூளைக்கு அது இயல்பு. இங்கே அது ஆபத்தான பதில். ஓட்டுநர் முப்பதுதான் அழுத்தியிருந்தால், சராசரியான ஐம்பத்தைந்து அவர் கேட்காத வேகம். சரி, உடனே இன்ஜினை அணைத்துவிடலாமா? நெடுஞ்சாலையில் பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும்போது அதுவும் வம்பு. குறைந்த அளவை எடுத்துக்கொண்டு, இன்ஜின் சக்தியை மட்டுப்படுத்தி, எச்சரிக்கை விளக்கைப் போட்டு, ஓரம்கட்டும் அளவுக்கு மட்டும் வண்டியை ஓட விடுவது ஏற்கத்தக்க வழி. ‘லிம்ப் ஹோம்’ என்பார்கள். நொண்டிக்கொண்டாவது வீடு போய்ச் சேர் என்று பொருள். தொழில்நுட்பச் சொற்களில் இவ்வளவு மனிதத்தன்மை அபூர்வம்.

கேள்வி அதோடு நிற்பதில்லை. இரண்டு சென்சார் கம்பிகளும் உரசி ஒன்றாகிவிட்டால்? இரண்டும் ஒரே அளவைக் காட்டும், பழுது வெளியே தெரியாது. அதனால்தான் ஒரு சென்சாரின் மின்னழுத்தம் மற்றதில் பாதியாக இருக்கும்படி அமைப்பதுண்டு. எப்போது இரண்டும் சமமாகின்றனவோ, அப்போது கோளாறு என்று அர்த்தம். சரி, இதையெல்லாம் கவனிக்கும் புரோகிராமே உறைந்துபோனால்? அதற்கு ‘வாட்ச் டாக்’ என்ற காவல் கடிகாரம். குறித்த இடைவெளியில் புரோகிராம் அதைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தொடாவிட்டால் கம்ப்யூட்டரை அது மீண்டும் தொடங்க வைக்கும். ஆனால் புரோகிராமின் ஒரு பகுதி மட்டும் செத்து, காவல் கடிகாரத்தைத் தொடும் பகுதி மட்டும் உயிரோடு இருந்தால்? இந்தக் கட்டத்தில்தான் அனுபவசாலிகளும் தண்ணீர் குடிக்கிறார்கள்.

இது கற்பனைக் கேள்வி அல்ல. 2007இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு டொயோட்டா கேம்ரி கட்டுப்பாடின்றி ஓடி விபத்துக்குள்ளானது. ஒருவர் இறந்தார், ஓட்டியவர் படுகாயமடைந்தார். 2013இல் வழக்கு நடந்தபோது, வாதி தரப்பு நிபுணர்கள் இன்ஜின் சாஃப்ட்வேரை அலசி, ஒரு பணி நின்றுபோனாலும் காவல் ஏற்பாடு அதைக் கண்டுகொள்ளாமல் போகலாம் என்று சாட்சியம் அளித்தார்கள். டொயோட்டா மறுத்தது. 2011இல் வெளியான நாசாவின் ஆய்வும் எலக்ட்ரானிக் கோளாறுதான் காரணம் என்று நிரூபிக்கவில்லை. ஆனாலும் ஜூரிகள் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்பளித்து 30 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னார்கள். இந்த வழக்கை ஒரு முறையாவது ஊன்றிப் படிக்காமல் இன்டர்வியூவுக்குப் போவது, தேர்தல் முடிவு தெரியாமல் அரசியல் பேசப் போவதைப் போன்றது.

எண்ணும் இப்படித்தான் ஏமாற்றும். காருக்குள் மில்லி செகண்டை எண்ணும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். 32 பிட் இடத்தில் அது அதிகபட்சம் சுமார் 429 கோடி வரைதான் போகும். அதாவது 49.7 நாட்கள். பிறகு, பழைய ஸ்கூட்டரின் மீட்டர் 99999ஐத் தாண்டியதும் சுழிகளுக்குத் திரும்புவதைப் போல, ஆரம்பத்துக்கே வந்துவிடும். எந்தக் கார் ஐம்பது நாள் நிற்காமல் ஓடுகிறது என்று அலட்சியமாகப் பதில் சொல்பவர் மாட்டிக்கொள்வார். சாவியை எடுத்த பிறகும் கதவுப் பூட்டு, திருட்டு அலாரம் போன்றவற்றுக்கு பேட்டரியிலிருந்து மின்சாரம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ‘இப்போதைய நேரத்திலிருந்து தொடக்க நேரத்தைக் கழி’ என்று எழுதியிருந்தால், குறியில்லா எண்களில், மீட்டர் திரும்பினாலும் விடை சரியாக வரும். ‘தொடக்க நேரத்தோடு கெடுவைக் கூட்டி, இப்போதைய நேரம் அதைத் தாண்டியதா பார்’ என்று எழுதியிருந்தால் தவறிப் போகும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

படிக்க வேண்டிய மற்றவை பாடத்திட்டம் போலவே இருக்கின்றன. பாஷ் 1986இல் அறிமுகப்படுத்திய ‘கேன்’ என்ற செய்திப் பாதை, அதில் சிறிய எண் கொண்ட செய்திக்கு முதல் வழி கிடைக்கும் விதம். கார்த் துறைக்கான சி மொழி விதிகளான ‘மிஸ்ரா’. 2003இல் பிறந்த ‘ஆட்டோசார்’ கட்டமைப்பு. இவற்றை விட முக்கியமானது 2011இல் வெளியாகி 2018இல் திருத்தப்பட்ட ஐஎஸ்ஓ 26262 என்ற பாதுகாப்புத் தரம். காயம் எவ்வளவு கடுமையாக இருக்கும், அந்தச் சூழ்நிலை எவ்வளவு அடிக்கடி வரும், ஓட்டுநரால் சமாளிக்க முடியுமா என்று மூன்று கேள்விகளைக் கேட்டு, அபாயத்துக்கு ‘ஏ’யிலிருந்து ‘டி’ வரை படி வகுக்கிறது அது. பிரேக்கும் ஸ்டியரிங்கும் பெரும்பாலும் ‘டி’. 2015இல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஓடும் ஜீப் செரோக்கியைத் தொலைவிலிருந்து கைப்பற்றிக் காட்ட, 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அதற்குப் பிறகு கணினித் திருட்டுத் தடுப்பும் பாடத்தில் சேர்ந்துவிட்டது.

இவையெல்லாம் புத்தகத்தில் கிடைக்கும். கிடைக்காத ஒன்று உண்டு. ‘நீங்கள் என்ன முடிவு எடுத்தீர்கள்?’ என்ற கேள்விக்கான பதில். நம்மவர்கள் திணறுவது இங்கேதான். எங்கள் குழு செய்தது, நாங்கள் முடித்துக் கொடுத்தோம் என்று பன்மையிலேயே பேசிப் பழகியவர்கள். பணிவு ஒரு காரணம். மற்றொரு காரணம் சங்கடமானது: முடிவுகள் ஸ்டுட்கார்ட்டிலோ டெட்ராய்ட்டிலோ எடுக்கப்பட்டு, கட்டளையாக வந்தவைதான் பல. பன்னிரண்டு ஆண்டு அனுபவம் என்பது சிலருக்கு ஒரே ஆண்டு பன்னிரண்டு முறை நடந்ததாக இருந்துவிடுகிறது.

எனவே தயாரிப்பின் கடினமான பகுதி, பழைய வேலைகளைக் கிளறுவது. எந்தப் பிழையை யார் கண்டுபிடித்தார்கள், வெளியீட்டைத் தள்ளிப்போடச் சொன்னது எப்போது, சொல்லியும் கேட்காதபோது என்ன செய்தோம் என்று நேர்மையாக எழுதிப் பார்ப்பது. பழைய கம்பெனியின் ரகசியத்தைக் கொட்டிவிடாமலும் பேச வேண்டும். போட்டிக் கம்பெனியின் வரைபடத்தைப் பலகையில் வரைந்து காட்டுபவர் நாளை நம்முடையதையும் வரைவார் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியும்.

மேலதிகாரி தவறானதைச் செய்யச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்கலாம். சம்பிரதாயக் கேள்வி என்று ஒதுக்க முடியாது. மாசுப் பரிசோதனையின்போது மட்டும் யோக்கியமாக நடந்துகொள்ளும் சாஃப்ட்வேரை ஃபோக்ஸ்வாகன் தன் டீசல் கார்களில் வைத்திருந்தது 2015இல் அம்பலமானது. உலகெங்கும் சுமார் ஒரு கோடியே பத்து லட்சம் கார்கள். அந்த விவகாரத்தில் 2017இல் அமெரிக்க நீதிமன்றம் 40 மாதச் சிறைத் தண்டனை விதித்தது ஒரு கம்பெனித் தலைவருக்கல்ல, ஒரு இன்ஜினீயருக்கு.

கடைசியில், உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்று மரியாதைக்குக் கேட்பார்கள். பலர் வீட்டிலிருந்து வேலை செய்யலாமா என்று விசாரித்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். சம்பளத்தைப் பேச வேறு நாள் வரும். வேலை கிடைத்தாலும் பழைய கம்பெனியின் மூன்று மாத நோட்டீஸ் காலம் காத்திருக்கிறது. இந்த நாற்காலியில் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு: சாஃப்ட்வேர் காருக்குப் போகலாம் என்று இங்கே கையெழுத்துப் போடுவது யார்? வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் பெங்களூரில் உட்கார்ந்திருப்பவருக்கு உண்டா? பதில் சொல்வதற்கு முன் எதிரில் இருப்பவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பதையும் கவனித்துக்கொள்ளலாம்.